கடும் அச்சம், அன்னாசி ஜாம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் ஒரு மாபெரும் இறையியல் விபத்து. உயிர்ச்சேதம் இல்லை, வியாபாரச் சேதம் உண்டு.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி மெத்தை பார்க்க வந்தது. நான் மெத்தை விற்பவன் அல்லன். மெத்தையைப் பற்றிக் காவியம் பாடுபவன். பாடி முடித்ததும் விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். "இதே மெத்தையில படுத்த ஒரு ராஜா, எழுந்திருக்க மனசில்லாம ராஜ்ஜியத்தையே தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துட்டார்" என்பது வரை வந்துவிட்டேன். பெண் சிரித்துவிட்டாள். பையன் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. அந்த உச்சத்தில் என் நாக்கு தன்பாட்டுக்கு ஒரு கிரீடம் வைத்தது: "மாசு கிடையாது, மறு கிடையாது. அமலோற்பவ மெத்தை!"

பின்னால் ஓர் இருமல். அக்கா. பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள்.

அக்கா எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்வி டீச்சர். சொல் பிசகினால் அவளுக்குச் சோறு இறங்காது. மாதாவை "ஆராதிக்கிறோம்" என்று சொன்ன ஒரு பையனை உறுதிபூசுதல் சடங்குக்கு அனுப்பாமல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளியவள். அந்தப் பையன் இப்போது பாங்க் மேனேஜர். அக்காவைக் கண்டால் இன்றும் எழுந்து நிற்கிறான்.

"அமலோற்பவம்னா என்னடா?"

"மாசில்லாம உற்பவிக்கறது."

"யாரு?"

"இயேசு."

"இல்லை! மாதா. மாதா தன் அம்மா வயித்துல உற்பவிச்சப்பவே ஜென்மப் பாவம் ஒட்டலைங்கறது. பாதி ஜனங்க இதைப் போட்டுக் குழப்பறாங்க, நீயும் சேர்ந்து குழப்பு." பிறகு ஜோடியின் பக்கம் திரும்பினாள். "ஆராதனை கடவுளுக்கு மட்டும்மா. புனிதர்களுக்கு வணக்கம். மாதாவுக்கு மேலான வணக்கம். மெத்தைக்கு ஒண்ணும் கிடையாது."

ஜோடி ஒரு தலையணையை மட்டும் வாங்கிக்கொண்டு உயிர்தப்பியது.

மார்ச் 6, வெள்ளி

வீட்டில் இடி. இடி என்றால் சாதாரண இடியா? ஏழு கடலும் ஒரே நேரத்தில் ஏப்பம் விட்ட மாதிரி.

எங்கள் சாம்ராஜ்ஜியத்தில் மூன்றே பிரஜைகள். கீழே அக்கா. மாடி அறையில் பிரம்மச்சாரிச் சக்கரவர்த்தியாகிய நான். நடுவில் அக்கா மகள் பொடிசு. பெயர்தான் பொடிசு, அலமாரி உச்சியில் இருக்கும் பெட்டியை ஸ்டூல் இல்லாமல் எடுப்பாள். பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்துகிறவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். ஆள் கெட்டவர் இல்லை. அவர் கம்பெனி லிஃப்ட் மாதிரியே இருப்பார்: வருவார், போவார், நடுவில் யாரிடமும் பேச மாட்டார். ஒரு வருஷம்கூட ஓடவில்லை. கோர்ட்டில் விவாகரத்தும் ஆயிற்று.

இன்று சாப்பாட்டு மேசையில் பொடிசு சொன்னாள்: "அம்மா, திருச்சபை நீதிமன்றத்துல மனு கொடுத்திருக்கேன்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"அவரை நான் கோயில்ல வச்சுத்தான் கட்டிக்குவேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, நற்கருணை வாங்க முடியாம கடைசி பெஞ்சுல உக்கார என்னால முடியாது." அவர் என்றால் பல்காரர்; பல்செட் செய்கிறவர், இவள் கிளினிக்குக்கு மாடியில். பொறுமையின் சிகரம். ஒரு பல்லை மூன்று நாள் தேய்க்கிறவருக்குப் பொறுமை இல்லாமல் எப்படி?

"கத்தோலிக்கத்துல ரத்து கிடையாது" என்றாள் அக்கா. "திருமணம் முறிக்க முடியாதது. ஒன்பதாம் பாடம். நீ என்கிட்டதான் படிச்சே."

"ரத்து இல்லம்மா. செல்லாமை. ரத்துன்னா இருந்ததை எடுக்கறது. செல்லாமைன்னா, அது முதல்லேருந்தே கல்யாணமா இல்லைன்னு விசாரிச்சுச் சொல்றது."

"இல்லையா? இல்லாத கல்யாணத்துக்கா நானூறு பேர் வந்து சாப்பிட்டான்?"

சமாதானத் தூதனாக நான் இறங்கினேன். "அக்கா, சாப்பாடு செல்லும். கல்யாணம்தான்—"

இரண்டு பேரும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்கள். தாயும் மகளும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நொடிதான்.

மார்ச் 7, சனி

அக்கா பேசவில்லை. பாத்திரங்கள் பேசுகின்றன.

மார்ச் 9, திங்கள்

அக்கா பங்குச்சாமியாரிடம் போய் வந்தாள். அவரும் பொடிசு சொன்னதையேதான் சொன்னாராம். திருச்சபை எந்தக் கல்யாணத்தையும் ரத்து செய்வதில்லை. ஆனால் சம்மதம் சரியாக இல்லாவிட்டால் அங்கே கல்யாணமே உண்டாகவில்லை. கல்யாணத்தை உண்டாக்குவது சாமியாரும் இல்லை, சாப்பாடும் இல்லை, இருவருடைய சம்மதம்தான்.

"சம்மதம்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னாளே" என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

என் ஞான ஊற்று பொங்கிற்று. "அக்கா, நான் விளக்கறேன். மெத்தை வாங்கறோம். நாளாகி அது கிழிஞ்சு திருப்பிக் கொடுத்தா அது விவாகரத்து. பிரிச்சுப் பார்த்தா உள்ளே பஞ்சே இல்லைன்னா, அது செல்லாமை. மெத்தை மாதிரி இருந்தது, மெத்தை இல்லை."

"என் பொண்ணு உனக்கு மெத்தையா?"

இறையியல் விளக்கத்திலிருந்து இன்றோடு ஓய்வு பெறுகிறேன்.

மார்ச் 19, வியாழன்

பொடிசு கடைக்கு வந்தாள். காட்சிக்கு வைத்த மெத்தையில் நீட்டிப் படுத்தாள். பாதம் வெளியே தொங்கிற்று.

"மாமா, மனுவுக்குக் காரணம் என்னன்னு எழுதியிருக்கேன் தெரியுமா?"

"லிஃப்ட் பேசாதுன்னு."

"இல்லை. அச்சம். கல்யாணத்துக்கு நான் சம்மதிச்சது பயத்துல. அம்மாகிட்ட பயம்."

நான் விளையாட்டாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கூரையைப் பார்த்தபடியே இருந்தாள். ஜோக்கை விழுங்கிவிட்டேன்.

"எனக்கு ரெண்டு சாட்சி. என் கூட வேலை பார்க்கிறவ ஒருத்தி. ஆனா அவ வீட்டுக்குள்ள இருந்ததில்லை. வீட்டுக்குள்ள இருந்தது நீங்க மட்டும்தான். நீங்க சொல்றதை நம்பினாத்தான் எனக்கு வழி. இல்லைன்னா நானும் அவரும் இப்படியே." எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "மாமா, வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, எதையும் பெருசு பண்ணாம பேசுவீங்களா?"

யானையைக் கூப்பிட்டு ஊசித்துளையில் நூல் கோர்க்கச் சொன்ன கதை.

மார்ச் 20, வெள்ளி

நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதத்தில் "வற்புறுத்தல்", "கடும் அச்சம்" என்ற இரண்டு சொற்களை அக்கா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத என் பேனாவுக்கு இதயம் இல்லை. ஆனாலும் எழுதும்.

"கடும் அச்சமா! நான் என்ன பேயா, பிசாசா? வற்புறுத்தினேனா நான்? சொன்னேன்! சொல்றது வேற. எடுத்துச் சொல்றது வேற. கண்டிப்பா சொல்றது வேற. வற்புறுத்தறது அதுக்கெல்லாம் மேல!"

வணக்கம், மேலான வணக்கம், ஆராதனை மாதிரியே இதிலும் படிகள் வைத்திருக்கிறாள் மகராசி. எனக்கு உள்ளூர ஒரு மேலான வணக்கமே வந்துவிட்டது.

"அப்போ, இவ கல்யாணத்துக்கு மாட்டேன்னப்போ, மூணு நாள் கதவைச் சாத்திக்கிட்டுச் சாப்பிடாம இருந்தியே அக்கா, அது எத்தனாவது படி?"

"அது உபவாசம். கடவுள்கிட்ட கேக்கறது. உபவாசம் யாரையும் வற்புறுத்தாது."

"கடவுளுக்குத்தானே அக்கா? அப்புறம் ஏன் ஹால்ல இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி சத்தமா—"

ஒரு துடைப்பம் என் ஆன்மாவை நோக்கிப் பறந்து வந்தது.

இப்போது மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு விஷயம் உறுத்துகிறது.

அந்த மூன்று நாளில் இரண்டாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டே ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியில் அன்னாசி ஜாம். என்னைப் பார்த்தாள். நான் ஜாமைப் பார்த்தேன். வாயில் ரொட்டியோடு சொன்னாள்: "உபவாச நாள்ல ஒரு வேளை முழுச் சாப்பாட்டுக்குத் திருச்சபை அனுமதி உண்டு. தெரியுமா உனக்கு?"

உண்மைதான், விசாரித்துப் பார்த்தேன், உண்டு. அக்கா பொய் சொன்னவள் இல்லை. "உபவாசம்" என்றுதான் சொன்னாள். பட்டினி என்று சொல்லவே இல்லை. ஆனால் பொடிசு என்ன நினைத்தாள்? அம்மா ஒரு வாய் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று.

இதை நீதிமன்றத்தில் சொன்னால்? "சாப்பிட்டுக்கொண்டு இருந்தவளைப் பார்த்து என்ன அச்சம்?" என்று கேஸை ஊதித் தள்ளிவிட மாட்டார்களா? சொல்லாவிட்டால்? சத்தியம் வாங்கிவிட்டுத்தானே கேட்பார்கள்?

மார்ச் 29, ஞாயிறு

சாட்சிப் பயிற்சி. பொடிசு எதிரே உட்கார்ந்து, கண்ணாடி டம்ளர் ஒன்றையும் கரண்டி ஒன்றையும் வைத்துக்கொண்டாள். நான் மிகைப்படுத்தினால் டம்ளரைத் தட்டுவாள்.

"அம்மா எத்தனை நாள் உள்ளே இருந்தாங்க?"

"யுகங்கள்—"

டிங்.

"வீடு எப்படி இருந்தது?"

"சுடுகாடே வந்து துக்கம் விசாரிக்கலாம் போல—"

டிங்.

"நான் எப்படி இருந்தேன்?"

இதற்கு எனக்குப் பெரிய சொல் எதுவும் வரவில்லை. "சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போய் அம்மா கதவுகிட்ட வைப்பே. அப்படியே திரும்ப எடுத்துக்கிட்டு வருவே. நீயும் சாப்பிட மாட்டே" என்றேன்.

கரண்டி அசையவில்லை. அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 16, வியாழன்

என் சாட்சி நாள். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். அது மறந்தால் நான் குறித்துக்கொள்கிறேன்.

நீதிமன்றம் என்றதும் தூண்களும் சிங்காசனமும் எதிர்பார்த்தேன். ஆயர் இல்லத்தின் பின்கட்டில் ஓர் அறை. கிறீச்சிடும் விசிறி, நீள மேசை, மடக்கு நாற்காலிகள். நடுவில் நீதிபதிச் சாமியார். ஓரத்தில் இரண்டே விரலால் தட்டச்சு செய்யும் கன்னியாஸ்திரி. எதிரே மெலிந்த, வயதான ஒரு சாமியார். வாயில் புதினா மிட்டாய். இவர்தான் பந்தக் காவலர்.

பந்தக் காவலர் என்றால் யார்? கல்யாணத்துக்கு வக்கீல்! மாப்பிள்ளைக்கு இல்லை, பெண்ணுக்கு இல்லை, கல்யாணத்துக்கு. இரண்டு பேரும் பிரிந்து, சொந்தக்காரர்கள் சண்டை போட்டு ஓய்ந்து, ஊரே மறந்துபோன ஒரு கல்யாணத்துக்காக, "இல்லை, அது உண்மையான கல்யாணம்தான்" என்று வாதாடுவதற்கென்றே திருச்சபை ஓர் ஆளை நியமித்திருக்கிறது. முன்பின் பார்த்திராத ஜோடிகளுக்காக மனிதர் இப்படி முதுகு வளைந்து போயிருக்கிறார். நல்ல மெத்தையாக ஒன்று அனுப்ப வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். லஞ்சம் ஆகிவிடும் என்று கைவிட்டேன்.

பைபிள் மேல் கை வைத்து, உண்மையைச் சொல்வேன், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சத்தியம். அந்த இரண்டாவது பாதியில் என் தொழில் மொத்தமும் போய்விட்டது.

முதலில் நீதிபதி கேட்டார். மூன்று நாள், கதவு, தட்டு. எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. பிறகு காவலர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

"உங்க கடையில என் தங்கச்சி மெத்தை வாங்கியிருக்கா. அதுல படுத்தா நூத்திப் பத்து வயசு வரைக்கும் முதுகுவலி வராதுன்னு சொன்னீங்களாம்."

"சொல்லியிருப்பேன் ஃபாதர்."

"அது உண்மையா?"

"ஃபாதர், அது மெத்தை."

"இது?"

"இது பொடிசு."

தட்டச்சு நின்றது. "பொடிசுன்னே எழுதவா?" என்று கன்னியாஸ்திரி கேட்டார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று என் அனுமானம். அனுமானம்தான், சத்தியமில்லை.

"அந்த மூணு நாளும் உங்க அக்கா ஒண்ணுமே சாப்பிடலைன்னு உங்களுக்கு நேரா தெரியுமா?" என்றார் காவலர்.

கேட்டேவிட்டார். விசிறி கிறீச்சிட்டது. பொடிசின் முகம், பல்காரரின் பொறுமை, அக்காவின் வாயில் ரொட்டி எல்லாம் ஒன்றாகச் சுற்றின.

"சாப்பிட்டாங்க. நான் பார்த்தேன். ரொட்டி. ஜாம்."

"என்ன ஜாம்?" என்றார் நீதிபதி. இவ்வளவு பெரிய நீதிமன்றத்துக்கு எதுவும் விட்டுப்போகக் கூடாதாம்.

"அன்னாசி."

டக், டக், டக். பதிவாகிவிட்டது. திருச்சபை இருக்கும் வரை அன்னாசியும் இருக்கும்.

"அப்போ பயப்படறதுக்குக் காரணமே இல்லையே?" காவலரின் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை, வேலையைச் செய்கிறார்.

"காரணம் இல்லைதான் ஃபாதர். ஆனா அது அவளுக்குத் தெரியாது. அவளும் மூணு நாள் சாப்பிடலை. மூணாம் நாள் சாயங்காலம் கதவுகிட்ட நின்னு, 'சரிம்மா, அந்த ஆளையே கட்டிக்கறேன், எழுந்து வந்து சாப்பிடு'ன்னா. நான் படியில நின்னுக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் இதுவரை வந்ததே இல்லை.

காவலர் வெகுநேரம் எதையோ எழுதினார். இங்கே நடந்ததை யாரிடமும் பேசக்கூடாது என்று நீதிபதி சொல்லி அனுப்பினார்.

கேஸைக் காப்பாற்றினேனா? கொன்றேனா? ஜாமைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ? கடவுளே, அது ஆரஞ்சு ஜாமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

ஏப்ரல் 18, சனி

ரகசியம் காக்கிறேன். வாய்க்குள் ஒரு கோவேறு கழுதை கட்டை அறுக்கப் பார்க்கிறது.

மே 12, செவ்வாய்

அக்காவுக்குச் சம்மன்! கூப்பிடச் சொன்னவர் பந்தக் காவலராம்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியாடா! கல்யாணத்தைக் காப்பாத்தறதுக்குன்னே ஒரு சாமியார் இருக்காராம். நான் சொல்றதைக் கேக்கணும்னு அவரே கூப்பிட்டிருக்கார். என் பக்கம் பேச ஒரு ஆள்!" சேலைக்கு இஸ்திரி. செருப்புக்குப் பாலிஷ். படையெடுப்புக்குப் போகும் யானைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் நடந்திராது.

பொடிசு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பல்காரரோடு போனில்கூடப் பேசாமல், விளக்கை அணைத்துவிட்டாள்.

மே 18, திங்கள்

மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. காட்சி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காரக்கூட அனுமதி கேட்கிற மாதிரி, நுனியில்.

"டேய், அந்த ரொட்டியைப் பத்திச் சொன்னியா?"

"ரகசியம்க்கா. சத்தியம் வாங்கியிருக்காங்க."

"சொல்லிட்டே." கொஞ்ச நேரம் மெத்தையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஒருவகையில நல்லதுதான். நான் சாப்பிட்டேன்னு சொல்லிட்டா, நான் பயமுறுத்தலைன்னு ஆயிடும். கல்யாணம் நிலைச்சுடும். அந்தச் சாமியாரும் அதுக்குத்தான் கூப்பிடறார்."

"ஆமாம்க்கா."

"ஆனா ஊர் என்ன சொல்லும்? சாப்பிட்டுக்கிட்டே உபவாசம் இருந்தவளாம்னு சொல்லும்."

"திருச்சபை அனுமதி உண்டே அக்கா."

என் கிண்டலைக் கவனிக்கவில்லை. கவனிக்காவிட்டால்தான் எனக்குப் பயம்.

"அவ என்னடா பண்ணிக்கிட்டிருந்தா? நான் உள்ளே இருந்தப்போ."

"தட்டு கொண்டுவந்து வைப்பா."

"அது தெரியும். எடுத்துக்கிட்டுப் போய்ச் சாப்பிட்டிருப்பா இல்ல?"

"இல்லை."

"மத்தியானத்துக்காவது?"

"இல்லை."

"மூணு நாளுமா? நீ பெருசு பண்றே. உனக்கு எல்லாமே பெருசு."

நாற்பது நாள் என்று சொல்லியிருப்பேன் வேறு எப்போதாவது இருந்தால். பாலைவனம், கழுகு, எலும்புக்கூடு எல்லாம் வந்திருக்கும். ஒன்றும் வரவில்லை.

"இல்லைக்கா" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். மெத்தைக்கடையில் இத்தனை வருஷம் நான் கட்டிய கோட்டைகள் எல்லாம் சரிந்து, எஞ்சி நின்ற ஒரு செங்கல்லைப் பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்தாள். உட்கார்ந்த இடத்தைக் கையால் நீவிச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஜூன் 4, வியாழன்

அக்காவை நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வெளியே வராந்தாத் தூணோடு தூணாக நின்றேன். என் விசாரணையைவிட அவளுடையது நீளம். போட்டி மனப்பான்மையால் சொல்லவில்லை, கடிகாரம் சொல்லிற்று.

வெளியே வரும்போது பந்தக் காவலரும் கூட வந்தார். இரண்டு பேர் வாயிலும் புதினா மிட்டாய். அவர் என்னைப் பார்த்து, "மெத்தை" என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

பஸ் பாதி வழி வந்ததும், "நல்ல மனுஷன்" என்றாள் அக்கா. "என்னைக் காப்பாத்தத்தான் பார்த்தார். 'நீங்க வேணும்னு அவளைப் பயமுறுத்தலையே அம்மா?'ன்னு கேட்டார். வேணும்னு இல்லைன்னேன்."

"சரி. அப்புறம்?"

"ரகசியம்டா."

என் மருந்தை எனக்கே கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பொடிசிடம் மெதுவாகக் கேட்டேன், சட்டத்தில் அந்த இடம் என்ன என்று. அவளுக்கு மனப்பாடம்: கடும் அச்சம், யாரும் வேண்டுமென்று ஏற்படுத்தாவிட்டாலும் சரி, அதிலிருந்து தப்பிக்கக் கல்யாணம்தான் வழி என்று ஆகிவிட்டால், அந்தச் சம்மதம் செல்லாது.

வேண்டுமென்று ஏற்படுத்தாவிட்டாலும் சரி! இது காவலருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாரா?

ஜூலை 22, புதன்

வாக்குமூலங்களை மனுதாரர் பார்க்கலாம் என்று நீதிமன்றத்தில் ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். பொடிசு போய்ப் படித்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அன்னாசி ஜாமா, மாமா? அன்னாசி ஜாமா?"

மெத்தையில் விழுந்து சிரித்தாள். புரண்டு புரண்டு சிரித்தாள். உள்ளே வரப்பார்த்த ஒரு வாடிக்கையாளர் இது என்ன மெத்தையோ என்று எட்டிப் பார்த்து, விலை விசாரித்து, அதையே வாங்கிக்கொண்டு போனார். நான் வாய் திறக்காமல் நடந்த முதல் வியாபாரம். சிரித்த கண்ணோடு அவள் அழுதுகொண்டும் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஏன் மாமா அப்பவே சொல்லலை?"

"சொன்னா நீ சாப்பிட்டிருப்பே. உங்க அம்மா என்னைச் சாப்பிட்டிருப்பா."

மூக்கை உறிஞ்சினாள். "அம்மா பக்கம் பக்கமா பேசியிருப்பாங்கன்னு நினைச்சேன். உபவாசம், அனுமதி, ஒன்பதாம் பாடம் எல்லாம். வேணும்னு பண்ணலைன்னாங்க, அப்புறம் ஒரே ஒரு வரிதான் மாமா. காவலர் எத்தனை தடவை சுத்திச் சுத்திக் கேட்டும் அதே வரி. 'நான் சாப்பிட்டேன். அவ சாப்பிடலை.'"

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பொடிசு பக்கத்தில் நின்று தோல் சீவிக்கொண்டிருந்தாள். இன்று பாத்திரங்கள் பேசவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணுக்குக் கோயில்லயே டைவர்ஸ் கொடுக்கப் போறாங்களாமே?" என்றாள். பாவம், தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"டைவர்ஸ் இல்லை!" அக்கா நிமிர்ந்த நிமிர்வில் கொடிக்கயிறு அறுந்திருக்க வேண்டும். "ரத்தும் இல்லை. செல்லாமை. ரத்துன்னா இருந்ததை எடுக்கறது. உள்ளே பஞ்சே இல்லைன்னா அது மெத்தையா? மெத்தையே இல்லாததை எப்படிக் கிழிக்கறது? சொல்லைச் சரியா சொல்லுங்கம்மா."

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடியே போனாள். என் உவமைக்கு ராயல்டி கேட்டேன். "எந்த உவமை?" என்றாள் அக்கா. மனசாட்சியே இல்லாத பேரரசி.

செப்டம்பர் 24, வியாழன்

செல்லாது என்று தீர்ப்பு.

பொடிசு காகிதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பல்காரர் வந்து நின்றார். கையில் யாருடைய பல்லோ இருந்தது, வைத்துவிட்டு வர மறந்திருக்கிறார்.

ஆனால் பந்தக் காவலர் மேல்முறையீடு செய்யலாமாம். அதற்குக் கெடு உண்டு.

அக்டோபர் 12, திங்கள்

கெடு முடிந்தது. காவலர் மேல்முறையீடு செய்யவில்லை. வாழ்க அவர் மிட்டாய், வாழ்க அவர் முதுகு.

அக்டோபர் 18, ஞாயிறு

பூசை முடிந்து பல்காரர் சாப்பிட வந்தார். நான்கு பேராக மேசையில் உட்கார்ந்தோம். பல்காரர் ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு முறை மென்றார், தொழில் மரியாதை.

அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தவள், கரண்டியை வைத்துவிட்டுப் பொடிசைப் பார்த்தாள்.

"கல்யாணத்தைக் காலையில வச்சுக்கலாமா, சாயங்காலமா? உனக்கு எது பிடிக்கும்?"

பொடிசு தண்ணீர் டம்ளரை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். இவ்வளவு நீளமான மௌனத்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்டதில்லை. எனக்கோ உடம்பெல்லாம் நமைச்சல். சாயங்காலம் என்றால் ஆயிரம் விளக்கு, நான்கு யானை, நான் வெள்ளைக் குதிரையில், என்று எடுத்துவிட வாயைத் திறந்தேன்.

மேசைக்கு அடியில் அக்கா என் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். கண்களை மகளிடமிருந்து எடுக்கவே இல்லை.

"பேசாம இருடா" என்றாள். "அவ சொல்லட்டும்."